இ.இ.ஜி. சராசரி எடுத்தும் அலை தெளியவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் தேடுங்கள்

"200 தடவை பீப் குடுத்தேன் அக்கா, எல்லாத்தையும் கூட்டிச் சராசரியும் எடுத்துட்டேன், ஆனாலும் கோடு காடுமேடாத்தான் இருக்கு. இன்னும் 200 குடுக்கவா?"

கோலாலம்பூரில் நாங்கள் மூளை அலை பதிவு செய்யும் சின்ன அறைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் முதல் மாதத்தில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். சில கோளாறுகள் 200 இல்லை, 20,000 தடவை கொடுத்தாலும் போகாது, உட்கார்ந்திருப்பவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

முதலில் கணக்கு. தலைமேல் ஒட்டும் மின்முனையில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலை, சில பத்து மைக்ரோவோல்ட் இருக்கும். ஒரு சத்தத்தைக் கேட்டதும் மூளை தரும் பதில் அதற்குள் புதைந்து கிடக்கும் சில மைக்ரோவோல்ட்தான். ஒவ்வொரு தூண்டலையும் ஒட்டி ஒரு துண்டு வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் பதில் அப்படியே நிற்கும், இரைச்சலோ, துண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்குக் குறையும். ஒரு துண்டில் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்றால் 25 துண்டில் 2, 100 துண்டில் 1, 400 துண்டில் 0.5. பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு உழைப்பு என்பதை மனதில் வையுங்கள். லண்டனில் ஜார்ஜ் டாசன் 1950களின் தொடக்கத்தில் இதைச் செய்தபோது கம்ப்யூட்டர்கூட கிடையாது, சுழலும் சுவிட்சையும் வரிசையாக வைத்த மின்தேக்கிகளையும் வைத்தே கூட்டிக் காட்டினார். இன்று ஒரே வரி நிரலில் முடிகிற வேலை, அதனாலேயே அதற்குள் என்ன நடக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

நான் இப்படிச் சொல்லிக் கொடுப்பேன். தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் நின்று போனில் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்கிறீர்கள். எங்கோ தூரத்தில் ஒரு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, கூட்டத்தின் சத்தத்தில் அது கேட்கவே இல்லை. மணி அடிக்கும் நேரமெல்லாம் உங்களிடம் குறிப்பாக இருந்தால், அந்த ஒவ்வொரு இடத்திலும் ஒலியை வெட்டி அடுக்கலாம், கூட்டத்தின் பேச்சு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மணி மேலே வரும். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் சரியாக யாரோ ஒருவர் "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் அழியாமல் நிற்கும். வெட்டும்போது உங்கள் கை முன்னே பின்னே போனால் மணியே கரைந்துபோகும். ஆகச் சராசரிக்கு இரைச்சல் எது, பதில் எது என்று தெரியாது. வெட்டும் நேரத்தோடு கட்டுண்டது எதுவோ அது நிற்கும், கட்டுப்படாதது போகும், அவ்வளவுதான். கீழே உள்ள எந்த அறிகுறியைப் பார்த்தாலும் இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எது ட்ரிகரோடு (தூண்டல் கொடுத்த நேரத்தைப் பதிவில் காட்டும் குறியோடு) கட்டுண்டிருக்கிறது, எது கட்டுப்படாமல் இருக்கிறது?

அறிகுறி தேடுவதற்கு முன் இரண்டு சோதனைகள்

இந்த இரண்டையும் எல்லாப் பதிவிலும் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஒன்று, கூட்டல் கழித்தல் சராசரி. ஒன்றுவிட்டு ஒன்று துண்டுகளைத் தலைகீழாகப் புரட்டி (மைனஸ் ஒன்றால் பெருக்கி) பிறகு சராசரி எடுங்கள். எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் பதில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், மிஞ்சுவது சராசரிக்குப் பிறகும் தங்கியிருக்கும் இரைச்சலின் அளவு. நீங்கள் அலை என்று நினைப்பது இந்த மிச்சத்தைவிடத் தெளிவாகப் பெரிதாக இல்லையென்றால் அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

இரண்டு, பொய் ட்ரிகர். அதே பதிவில், தூண்டலோடு சம்பந்தமில்லாத தற்செயலான இடங்களில் அதே எண்ணிக்கையில் குறிகள் வைத்து, அதே வடிகட்டி, கெட்ட துண்டைத் தள்ளும் அதே வரம்பு, எல்லாம் அதே மாதிரி ஓட்டுங்கள். அங்கேயும் அழகான மேடு வந்தால் அது மூளையின் பதில் இல்லை.

கூடவே ட்ரிகர்களை எண்ணுங்கள். 200 பீப் கொடுத்தால் 200 குறி இருக்க வேண்டும். 203 இருந்தாலும் 197 இருந்தாலும் அங்கேயே நில்லுங்கள், மேலே போகாதீர்கள்.

அறிகுறி: எத்தனை துண்டு சேர்த்தாலும் சீப்புப் பல் மாதிரி நெளிவு போகவில்லை

சீப்புப் பற்களுக்கு நடுவே இடைவெளியை அளந்து பாருங்கள். 20 மில்லிவிநாடி இருந்தால் அது சுவர் மின்சாரம். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லிவிநாடி.

சரி, சுவர் மின்சாரத்துக்கும் என் பீப்புக்கும் என்ன சம்பந்தம், அது சராசரியில் போயிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், ஒரு வாரப் பதிவு வீணான பிறகு. தூண்டலைச் சரியாக 1000 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கொடுத்திருந்தேன். 1000 என்பது 20-இன் 50 மடங்கு, அதனால் ஒவ்வொரு பீப்பும் மின்சார அலையின் ஏறத்தாழ அதே கட்டத்தில் போய் விழுந்தது. நானே அதை ட்ரிகரோடு கட்டிப்போட்டிருக்கிறேன். 500, 800, 1200 எல்லாம் இதே கதிதான். 1010 வைத்தால் ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்று தள்ளி விழுந்து 50 ஹெர்ட்ஸ் அழியும், ஆனால் 100 ஹெர்ட்ஸில் வரும் அதன் இரட்டை அழியாமல் நிற்கும், ஏனென்றால் 10 மில்லிவிநாடி அதற்கு முழுச் சுற்று. அதனால் இடைவெளியைத் தற்செயலாக மாற்றிவிடுவதுதான் நல்லது: 900க்கும் 1100க்கும் இடையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. செவி நரம்புப் பரிசோதனையில் விநாடிக்கு 20 கிளிக் என்று வைக்காமல் 21.1, 27.7 என்று விசித்திரமான எண்களாக வைப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

இது சராசரி பக்கத்துத் தீர்வு. இரைச்சல் வருகிற இடத்திலேயே அடைக்கவும் வேண்டும். போன் சார்ஜரைக் கழற்றுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒயரை மின்முனைக் கம்பிகளிலிருந்து தள்ளி வையுங்கள், மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள், மின்முனைக் கம்பிகளைச் சேர்த்துப் பின்னிக் கட்டுங்கள். முக்கியமாக, மற்ற எல்லா மின்முனைகளுக்கும் பொதுவான கிரவுண்ட், ரெஃபரன்ஸ் மின்முனைகள் இரண்டின் மின்தடையையும் பாருங்கள். ஒரே ஒரு மின்முனையில் மட்டும் நெளிவு என்றால் அந்த மின்முனை, எல்லாவற்றிலும் ஒரே அளவு என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

அறிகுறி: நெளிவு இருக்கிறது, ஆனால் பல்லுக்குப் பல் 100 மில்லிவிநாடி

அது ஆல்ஃபா எனும் மூளை அலை. 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை, தலையின் பின்பக்கத்தில் பலமாக இருக்கும், கண்ணை மூடினாலோ சலிப்பு தட்டினாலோ பெருகும். நாசி லெமாக்கை முடித்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு ஏர்கோன் அறையில் வந்து உட்கார்பவருக்கு ஆல்ஃபா எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதற்கும் மருந்து அதே தற்செயல் இடைவெளிதான். இடைவெளியின் ஆட்டம் குறைந்தது ஒரு முழு ஆல்ஃபாச் சுற்று, அதாவது 100 மில்லிவிநாடிக்கு மேல் இருக்கட்டும். கண்ணைத் திறந்து ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள், நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், பேசுங்கள், தண்ணீர் கொடுங்கள். காலையில் வரச் சொன்னால் இன்னும் நல்லது.

அறிகுறி: கோடு சுத்தமாக இருக்கிறது, ஆனால் அலை குட்டையாக, அகலமாக, மழுங்கிப்போய் இருக்கிறது

இதுதான் ஆபத்தான அறிகுறி என்பேன். பார்க்க மிருதுவாக, அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. இங்கே இரைச்சல் ட்ரிகரோடு கட்டுப்படவில்லை, நல்லதுதான், ஆனால் பதிலும் சரியாகக் கட்டுப்படவில்லை. பத்துமலை மணியை வெட்டும்போது கை நடுங்கிய கதை.

நடுக்கம் எவ்வளவு கெடுக்கும் என்று கணக்கிட முடியும். ட்ரிகருக்கும் உண்மையான தூண்டலுக்கும் இடையே உள்ள தாமதம் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, அந்த மாற்றத்தின் திட்ட விலக்கம் 10 மில்லிவிநாடி, மணி வடிவப் பரவல் என்று வைத்துக்கொள்வோம். 10 ஹெர்ட்ஸ் வேகத்தில் உள்ள அலையில் சுமார் 82 சதவீதம் மிஞ்சும், 20 ஹெர்ட்ஸில் 45 சதவீதம், 50 ஹெர்ட்ஸில் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. அதாவது நீங்கள் போடாத ஒரு வடிகட்டி உங்கள் பதிவுமேல் உட்கார்ந்திருக்கிறது. தூண்டலுக்கு ஏறத்தாழ 300 மில்லிவிநாடிக்குப் பிறகு வரும் பி300 மாதிரி அகலமான அலை இதைத் தாங்கிக்கொள்ளும். செவி நரம்பிலிருந்து மூளைத்தண்டு வழியாக முதல் பத்து மில்லிவிநாடிக்குள் வந்துபோகும் அலைகளுக்கோ ஒரு மில்லிவிநாடி நடுக்கமே போதும், ஒன்றும் இருக்காது. அவற்றின் உயரமே ஒரு மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே, ஆயிரம் இரண்டாயிரம் கிளிக் கொடுத்து எடுப்பது வேறு.

எங்கே தேடுவது? புளூடூத் இயர்போன் இருந்தால் முதலில் அதைத் தூக்கி வையுங்கள். அதில் தாமதம் பெரிது, நிலையாகவும் இருக்காது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சி மாற 16.7 மில்லிவிநாடி ஆகும், நிரல் "காட்டு" என்று சொன்ன நொடியில் ட்ரிகர் போய்விட்டு திரை அடுத்த சுற்றில்தான் காட்டினால் அங்கேயே ஆட்டம். ட்ரிகரைத் திரை மாறும் கணத்தோடு பிணையுங்கள். தூண்டல் கொடுக்கும் கம்ப்யூட்டரும் பதிவு செய்யும் கம்ப்யூட்டரும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடி, பிறகு நேரத்தை வைத்துப் பொருத்துகிறீர்களா? இரண்டு கடிகாரமும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசப்பட்டாலே நிமிடத்துக்கு 3 மில்லிவிநாடி நகரும், 20 நிமிடத்தில் 60. இது நடந்ததா என்று அறிய முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் தனித்தனியாகச் சராசரி எடுத்து மேலே மேலே வையுங்கள், அலை பக்கவாட்டில் நகர்ந்திருக்கும்.

ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். திரை மூலையில் தூண்டலோடு சேர்ந்து மின்னும் ஒரு வெள்ளைச் சதுரம் வரைந்து, அதன்மேல் ஒரு ஒளி உணரியை ஒட்டி, அதன் கம்பியை ஓர் உபரிச் சேனலில் செருகிப் பதிவு செய்தால் ட்ரிகருக்கும் வெளிச்சத்துக்கும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு தடவைக்கும் தெரிந்துவிடும். ஒளி உணரி என்று பெரிய பொருள் எதுவும் இல்லை, மின்னணுச் சாமான் விற்கும் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். தாமதம் மாறாமல் ஒரே அளவாக இருந்தால் கவலை வேண்டாம், அந்த எண்ணைக் கழித்துவிடுங்கள். மாறுகிறது என்றால் ட்ரிகரை விட்டுவிட்டு ஒளி உணரி எழும்பிய கணத்தையே வெட்டும் இடமாக வையுங்கள்.

கருவி எல்லாம் சரியாக இருந்தும் மழுங்கல் இருந்தால் அது மூளையே செய்யும் ஆட்டமாக இருக்கலாம். கடினமான தேர்வு செய்யும்போது மனிதர் ஒருமுறை சீக்கிரம் முடிவெடுப்பார், ஒருமுறை தாமதமாக. அப்போது பொத்தான் அழுத்திய நேரத்தை வைத்து வெட்டிப் பாருங்கள், அலை சட்டென்று கூர்மையானால் விடை கிடைத்துவிட்டது.

அறிகுறி: சுழியத்திலேயே, அதாவது தூண்டல் கொடுத்த கணத்திலேயே, ஊசி போல ஒரு குத்து

மூளை அவ்வளவு வேகம் இல்லை. அது இயர்போனின் மின்சாரம் நேராக மின்முனைக்குத் தாவியது, அல்லது ட்ரிகர் கம்பியிலிருந்து கசிந்தது. கம்பிகளைப் பிரித்து வையுங்கள். கிளிக் சத்தமென்றால் ஒன்றுவிட்டு ஒன்று அதன் மின் முனையை (ப்ளஸை மைனஸாக) புரட்டிக் கொடுங்கள், மின் கசிவு ப்ளஸ் மைனஸாக மாறி அழியும், காது பெரும்பாலும் ஒரே மாதிரி பதில் தரும்.

அறிகுறி: நெற்றிப் பக்கத்தில் மாபெரும் மலை, பின்னந்தலைக்குப் போகப் போகச் சிறுக்கிறது

கண் சிமிட்டல். ஒரு சிமிட்டல் நெற்றியில் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். "சிமிட்டல் தற்செயல்தானே, சராசரியில் போய்விடுமே" என்று நினைப்பது தவறு. அரிதாக வரும் சத்தத்தை எண்ணச் சொன்னால் பலர் அது வரும்வரை கண்ணை அடக்கிவைத்து, வந்த பிறகு சிமிட்டுவார்கள். அதாவது சிமிட்டலும் ட்ரிகரோடு கட்டுண்டுவிட்டது, மணிக்குப் பின்னால் வரும் வேல் வேல் மாதிரி. அதுவும் அரிய சத்தத்தில் மட்டும் வருவதால் நீங்கள் தேடும் வித்தியாசம் போலவே நடிக்கும். சிமிட்டிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள், இரண்டு விநாடி காட்சி, பிறகு "இப்போது சிமிட்டலாம்" என்று ஓர் இடைவெளி. கண்ணுக்கு மேலேயும் கீழேயும் மின்முனை வைத்துப் பதிவு செய்தால் பிறகு பிரித்தெடுப்பது எளிது.

100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளைத் தள்ளும் வரம்பும் வேண்டும். 40 துண்டில் ஒரே ஒரு துண்டில் யாரோ தலையைத் திருப்பி 800 மைக்ரோவோல்ட் வந்தாலும் சராசரியில் 20 மைக்ரோவோல்ட் ஏறும், பி300ஐவிட உயரமாக. ஒவ்வொரு துண்டின் அடிக்கோட்டையும் (தூண்டலுக்கு முன் உள்ள மட்டத்தையும்) சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகு வரம்பைச் சோதியுங்கள். மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி ஆகிறது என்றால் வரம்பைத் தளர்த்தாதீர்கள், பதிவையே சரிசெய்யுங்கள்.

அறிகுறி: கோடு மேலும் கீழும் மெதுவாக மிதக்கிறது

வியர்வை. நம் ஊர் ஈரப்பதத்தில் இதுதான் அன்றாடத் தலைவலி. வெயிலில் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தவரை உடனே மின்முனைத் தொப்பி போட்டு உட்கார வைக்காதீர்கள், ஏர்கோனில் 15 நிமிடம் ஆறவிடுங்கள். வடிகட்டியால் தீர்க்கலாம் என்று கீழ் எல்லையை 1 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடுகிறார்கள், அது பி300 போன்ற மெதுவான அலையைச் சுருக்கி, அதன் அருகில் இல்லாத பள்ளத்தை உண்டாக்கும். நான் 0.1 ஹெர்ட்ஸுக்கு அருகிலேயே நிற்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் ஆட்களிடம் அடிக்கடி நடப்பது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னல் போட்டு ஒரு அம்மா வந்தார்கள், ஒரு மணி நேரம் ஜெல் போட்டும் மின்தடை இறங்கவே இல்லை. தப்பு அவருடையது அல்ல, முதல்நாள் இரவே "தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாங்கம்மா" என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அதேபோல நெற்றியில் திருநீறு இருந்தால் மின்முனை ஒட்டாது. சட்டென்று பஞ்சை எடுத்துத் துடைத்துவிடாதீர்கள், "இந்த இடத்தைச் சுத்தம் செய்யணும், பரவாயில்லையா ஐயா" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், முடிந்ததும் கண்ணாடியும் கொடுங்கள். தாராளமாக ஜெல் ஊற்றினாலும் ஆபத்து, பக்கத்து மின்முனைகள் இரண்டும் ஜெல்லில் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகிவிடும். சந்தேகம் வந்தால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட நேர்கோடு வந்தால் ஒட்டியிருக்கிறது.

அறிகுறி: அரிய சத்தத்தின் உச்சம் எப்போதும் பெரிதாகவே வருகிறது

அது உண்மையாகவும் இருக்கலாம், கணக்குப் பிழையாகவும் இருக்கலாம். 160 சாதாரணச் சத்தம், 40 அரிய சத்தம் கொடுத்தீர்கள். துண்டுக்கு 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் என்றால் முதலாவதில் 0.8 மிஞ்சும், இரண்டாவதில் 1.6. மிக உயரமான புள்ளியைத் தேடி எடுக்கும்போது இரைச்சல் அதிகமான கோட்டில் அது தானாகவே உயரமாகக் கிடைக்கும், மூளை ஒன்றும் செய்யாமலேயே. சாதாரணச் சத்தத்திலிருந்தும் 40ஐ மட்டும் தற்செயலாக எடுத்து ஒப்பிடுங்கள், அல்லது உச்சப் புள்ளியை விட்டுவிட்டு ஒரு நேர இடைவெளிக்குள் உள்ள சராசரி உயரத்தை அளவிடுங்கள்.

அறிகுறி: துண்டுகள் கூடக் கூட அலை சிறுக்கிறது

இரைச்சல் குறைய வேண்டியது சரி, பதில் ஏன் குறைகிறது? ஒரே சத்தத்தை அரை மணி நேரம் கேட்டால் மூளை பழகிவிடும், தூக்கமும் வரும். எல்லாத் துண்டிலும் பதில் ஒரே மாதிரி என்ற நம்பிக்கைமேல்தான் வர்க்கமூலக் கணக்கே நிற்கிறது. 50, 50 துண்டாகப் பிரித்துச் சராசரி எடுத்து வரிசையாக வையுங்கள். கடைசிக் கட்டுகளில் பதில் செத்துக் கிடந்தால் அவற்றைச் சேர்ப்பது நஷ்டம். கடைசிக் கட்டுகளில் இரைச்சல் மட்டும் கூடியிருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை, இரைச்சல் அதிகமான கட்டுக்குக் குறைந்த எடை கொடுத்துச் சராசரி எடுக்கலாம்.

அறிகுறி: ஒவ்வொருவர் அலையும் நன்றாக இருக்கிறது, எல்லோரையும் சேர்த்தால் காணவில்லை

ஒருவருக்கு உச்சம் 320 மில்லிவிநாடியில், இன்னொருவருக்கு 430இல், வயதானவருக்கு இன்னும் தள்ளி. ஆட்களைச் சேர்க்கும்போதும் அதே கை நடுக்கம்தான், இம்முறை மனிதர்களுக்கு இடையே. சேர்த்த கோட்டிலிருந்து அளவெடுக்காதீர்கள். ஒவ்வொருவர் கோட்டிலும் 300 முதல் 500 வரை சராசரி உயரத்தைத் தனித்தனியாக எடுத்து அட்டவணையில் எழுதி, அந்த எண்களை ஒப்பிடுங்கள். சேர்த்த படத்தை அறிக்கையில் போடும்போது அதன் பின்னால் ஒவ்வொருவரின் கோட்டையும் மெல்லிய சாம்பல் நிறத்தில் வரைந்து விடுங்கள், பார்ப்பவருக்கு எது யாருடையது என்று தெரியட்டும்.